சினை பார்க்கும் ஸ்கேன்: திரையில் தெரிவது என்ன?

கால்நடை வைத்தியர் ஒருவர் கையடக்கமான ஸ்கேன் கருவியோடு ஒரு பட்டிக்கு வந்து போனால், அடுத்த ஒரு கிழமைக்கு அந்த ஊர்த் தேநீர்க்கடையில் அதுவே பேச்சாக இருக்கும். மெஷினை வைத்தவுடன் சினையா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும் என்பார் ஒருவர். எக்ஸ்ரே மாதிரி கதிர் பாய்ந்து கன்று கலைந்துவிடும் என்பார் இன்னொருவர். போன மாதம் சினை என்று சொன்ன மாடு இந்த மாதம் வேட்கைக்கு வந்து நிற்கிறது, ஆகவே ஸ்கேன் பொய் என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். மூவரும் தாம் கண்டதையும் கேட்டதையும் வைத்தே பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பது இந்தப் பேச்சில் எங்கும் வருவதில்லை. அது தெரிந்துவிட்டால் மூன்று கூற்றுகளிலும் எது சரி, எது தவறு என்பதை எவரும் தாமே பிரித்தறிந்து கொள்ளலாம்.

துடுப்பும் காதும்

மட்டக்களப்பு வாவியில் பாடுமீனின் ஒலியைக் கேட்கப் போனவர்கள் ஒரு வழக்கத்தை அறிவார்கள். தோணியை ஓசையில்லாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறு முனையைக் காதோடு சேர்த்துப் பிடிப்பார்கள். சும்மா தோணியில் இருந்தால் கேட்காத ஒலி, துடுப்பு வழியாகக் கேட்கும். காரணம் எளியது. தண்ணீருக்குள் எழும் ஒலி மேற்பரப்பை அடைந்ததும், அங்கே காற்று தொடங்குவதால், ஏறக்குறைய முழுவதுமாகத் தண்ணீருக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே காற்றுக்குள் ஏறுகிறது. துடுப்பு மரம் அந்த எல்லையைக் கடக்கும் பாலமாகிறது.

ஸ்கேன் கருவியை விளங்கிக்கொள்ள வேண்டிய இரண்டு செய்திகளும் இந்தத் துடுப்பிலேயே இருக்கின்றன. ஒரு பொருள் முடிந்து வேறு பொருள் தொடங்கும் எல்லையில் ஒலியின் ஒரு பகுதி திரும்புகிறது என்பது முதலாவது. அந்த எல்லையின் ஒரு பக்கத்தில் காற்று இருந்தால் ஒலி கிட்டத்தட்ட அத்தனையும் திரும்பிவிடும், அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று அறிய வழியில்லை என்பது இரண்டாவது. ஸ்கேன் எடுக்கும்போது பிசுபிசுப்பான ஜெல் பூசுவதும் இதற்காகத்தான். தோலுக்கும் கருவிக்கும் இடையே உள்ள மெல்லிய காற்றுப் படலத்தை அகற்றும் வேலையை அந்த ஜெல் செய்கிறது. அதை மருந்து என்று நினைத்துக்கொண்டு, மிஞ்சியதைத் தமது முழங்காலில் தடவிப் பார்த்த ஒருவரை நான் அறிவேன்.

ஒலி எவ்வாறு படமாகிறது

வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் சில படகுகளில், கடலின் ஆழத்தையும் மீன்கூட்டத்தையும் காட்டும் சிறு திரை ஒன்று இருக்கும். படகின் அடியிலிருந்து ஒலி கீழே போகிறது. கடலின் அடித்தரையில் பட்டுத் திரும்புகிறது. போய்வர எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழம் கணிக்கப்படுகிறது. இடையில் மீன்கூட்டம் இருந்தால் அதில் பட்ட ஒலி சற்று முன்னதாகவே திரும்பிவிடும். சினை பார்க்கும் ஸ்கேன் இதே வேலையைக் கடலுக்குப் பதிலாக மாட்டின் உடலுக்குள் செய்கிறது.

கருவியில் மாட்டின் உடலோடு சேர்த்துப் பிடிக்கும் பகுதியைப் புரோப் என்பார்கள். அதன் முகப்பில் சிறு பளிங்குத் துண்டுகள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. சில வகைப் பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்பதைப் பியேர் கியூரி, ஜாக் கியூரி என்ற சகோதரர்கள் 1880ஆம் ஆண்டில் காட்டினார்கள். மறுதலையாக, அவற்றுக்கு மின்சாரம் கொடுத்தால் அவை அதிரும். ஆகவே ஒரே பளிங்கு, மின்துடிப்பு வரும்போது அதிர்ந்து ஒலியை அனுப்புகிறது. அடுத்த கணம் வாய்மூடிக் காதாகி, திரும்பிவரும் எதிரொலியை மின்சாரமாக்கித் தருகிறது.

இந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதக் காது உணர்வதில்லை. அவ்வெல்லைக்கு மேற்பட்ட ஒலிக்குக் கழியொலி என்று பெயர். இந்தியத் தமிழ் நூல்கள் இதையே மீயொலி என்று எழுதும். பசுவில் சினை பார்க்கும் புரோப்புகள் பெரும்பாலும் செக்கனுக்கு 50 இலட்சம் முதல் 75 இலட்சம் வரையான அதிர்வுகளைப் பயன்படுத்துகின்றன. அதிர்வு கூடக்கூடப் படம் நுணுக்கமாகும், ஆனால் ஒலி ஆழமாகப் போகாது. இந்த இழுபறி பின்னர் ஆட்டைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

மென்மையான உடற்பகுதிகளுக்குள் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்தில் செல்கிறது. பத்துச் சென்ரிமீற்றர் ஆழத்தில் உள்ள ஒன்றில் பட்டுத் திரும்பிவர, ஒரு செக்கனை 7,700 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரமே போதும். கருவி அந்தச் சிறு நேரத்தை அளந்து, எதிரொலி எந்த ஆழத்திலிருந்து வந்ததோ அந்த இடத்தில் திரையில் ஒரு புள்ளியை வைக்கிறது. எதிரொலி பலமாக இருந்தால் புள்ளி வெள்ளையாக இருக்கும். மெலிந்திருந்தால் சாம்பல் நிறமாகும். எதுவுமே திரும்பாவிட்டால் அந்த இடம் கறுப்பாகவே கிடக்கும். இப்படி ஒரு செக்கனுக்குள் பல தடவை படம் புதுப்பிக்கப்படுவதால் அசைவும் தெரிகிறது.

சுருங்கச் சொன்னால், ஸ்கேன் என்பது எதிரொலிகளைப் புள்ளிகளாக அடுக்கிக் காட்டும் முறை. எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் எள்ளளவும் இல்லை. தாய்மாரின் வயிற்றில் குழந்தையைப் பார்ப்பதும் இதே ஒலியால்தான். கன்றுக்குத் தீங்கு வருமானால் அது முரட்டுக் கையால் வரலாமே தவிர ஒலியால் அல்ல.

வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் என்ன?

பெண்களுக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதுபோல மாட்டுக்கும் பார்க்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. பசுவின் இடப்பக்க வயிற்றைப் பெரும்பாலும் நிரப்பியிருப்பது அசைபோடும் பெருவயிறு. அதற்குள் புல்லோடு வாயுவும் உண்டு. வாயு இருந்தால் ஒலி அப்பால் போகாது என்பதைத் துடுப்பிடம் கற்றோம். அதோடு, இளஞ்சினையில் கருப்பை வயிற்றுப் பக்கம் இறங்கியிருப்பதில்லை. பின்புறம் இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே கிடக்கும். வெளித்தோலிலிருந்து அது வெகுதூரம்.

ஆனால் நேர்குடலின் தரைக்கு நேர் கீழே கருப்பை இருக்கிறது. எனவே வைத்தியர் தோள் வரையான கையுறை அணிந்து, முதலில் சாணியை வழித்து வெளியே எடுத்துவிட்டு, புரோப்பைக் கைக்குள் அடக்கிக்கொண்டு உள்ளே கொண்டுபோய், குடலின் கீழ்ச்சுவரோடு அழுத்திப் பிடிக்கிறார். சில விரற்கடை ஆழத்தில் கருப்பை தென்படுகிறது. சாணியை எடுக்கும் அந்த ஓரிரு நிமிடத்தை வீண் தாமதம் என்று நினைத்து அவசரப்படுத்துவோர் உண்டு. குடலில் சாணியும் வாயுவும் மிஞ்சியிருந்தால் திரையில் அர்த்தமில்லாத நிழல்தான் வரும். படத்தின் தரத்தில் பாதி அந்த வழித்தெடுப்பில் இருக்கிறது.

கறுப்பு, சாம்பல், வெள்ளை

திரவத்தில் ஒலி தடையின்றிப் போய்விடும். திருப்பி அனுப்ப அங்கே எதுவுமில்லை. எனவே திரவம் கறுப்பு. தசையும் கருப்பைச் சுவரும் சாம்பல். எலும்பு வெள்ளை. சினைப்பட்ட கருப்பையில் கன்றைச் சூழ்ந்து நீர் இருப்பதால், சாம்பல் நிறச் சுவருக்குள் ஒரு கறுப்புக் குளமும், அந்தக் குளத்துக்குள் சாம்பல் நிறத்தில் சிறு உருவமும் தெரியும். உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும் அந்த ஆரம்ப நிலைக் கருவுக்கு முளையம் என்று பெயர். முப்பதாவது நாளில் அது ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளம். ஒரு கச்சான் பருப்பு அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பைக் கண்டவுடன் சினை என்று முடிவு செய்வதுதான் புதிதாகப் பழகுவோர் செய்யும் பிழை. நிறைந்த சிறுநீர்ப்பையும் கறுப்பாகத்தான் தெரியும். வேட்கைக் காலத்தில் கருப்பையில் கொஞ்சம் நீர் சேர்வதுண்டு. கருப்பையில் சீழ் இருந்தால் கறுப்புக்குப் பதிலாக, சாம்பலைத் தண்ணீரில் கரைத்துவிட்டதுபோலப் புள்ளிகள் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே தேர்ந்தவர் நீரை மட்டும் பார்த்து நிறைவடைவதில்லை. முளையத்தைத் தேடுவார், அதற்குள் இதயத்துடிப்பைத் தேடுவார். துடிப்பு தெரிந்தால் அங்கே உயிருள்ள கன்று இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைப் பகுதியான படுவான்கரையில் ஒரு மாலை, பால் கறக்கும் வயதான தாயொருவருக்கு அந்தத் திரையைக் காட்டினார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார். “டொக்டர் மகன், கண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுதே!” என்றார். அவர் கண்டது 33 நாள் முளையத்தின் இதயம். திரையில் அது கண் சிமிட்டுவதுபோலத்தான் மினுங்கும். வைத்தியர் சிரித்தார், ஆனால் திருத்தவில்லை. பார்க்க வேண்டியதை அந்தத் தாய் சரியாகவே பார்த்துவிட்டார் என்பது என் கருத்து.

மெஷின் சினையைச் சொல்வதில்லை என்பது இப்போது விளங்கும். அது புள்ளிகளைத் தருகிறது, சொல்வது மனிதர். ஒரே கருவி இருவர் கையில் இரண்டு விதமாகப் பேசுவதற்கு இதுவே காரணம்.

எத்தனையாம் நாளில் பார்ப்பது?

பசுவுக்கு வேட்கை ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு தடவை வரும். செயற்கைமுறைச் சினைப்படுத்தலின் பின் 21ஆம் நாள் அளவில் வேட்கை வராவிட்டால் சினை என்று கொள்வது நம் வழக்கம். இது நல்ல அடையாளந்தான், ஆனால் உறுதியானதன்று. தீன் போதாமல் மெலிந்த மாட்டுக்கும், சூலகத்தில் நீர்க்கட்டி உள்ள மாட்டுக்கும் வேட்கை வராமல் போகலாம். இரவில் வந்து போன வேட்கையை எவரும் காணாமலும் இருந்திருக்கலாம்.

தேர்ந்த ஒருவர் கையுறைக் கையால் தடவிப் பார்த்தே சினை அறிவார். மிகக் கைதேர்ந்தவர்களுக்கு 35 நாளளவில் ஐயம் தோன்றும், 45 நாளில் தெளிவாகும். வெளிக்களத்தில் பெரும்பாலும் 60 முதல் 90 நாளில்தான் பார்க்கிறார்கள். ஸ்கேனில் 28 முதல் 30 நாளிலேயே நம்பிக்கையோடு சொல்லலாம். அதற்கு முன்பும் சிலர் பார்ப்பதுண்டு, ஆனால் நாள் குறையக் குறையப் பிழை கூடும். இரண்டு கிழமையில் மாட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்பவருக்குத் திரையில் காட்ட எதுவுமில்லை.

வயிற்றில் இருப்பது நாகா (பெண் கன்றா), நாம்பனா (ஆண் கன்றா) என்று கேட்பவர்கள் 60ஆம் நாளைச் சுற்றி வர வேண்டும். பிறப்புறுப்பாக வளரப்போகும் சிறு முகை, நாம்பனில் தொப்புட்கொடிப் பக்கமாகவும் நாகில் வால் பக்கமாகவும் நகர்ந்திருக்கும். அந்த இடத்தைக் கொண்டே பாலைச் சொல்கிறார்கள். இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பிந்திய சினையில் ஸ்கேன் பின்வாங்கிவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. நாலைந்து மாதத்தில் கருப்பை பாரத்தால் இடுப்புக் கூட்டைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கிவிடும்; புரோப் எட்டாது. அப்போது கருப்பைச் சுவரில் பொத்தான்போலத் தட்டுப்படும் முடிச்சுகளையும், கருப்பைக்குப் போகும் பெரிய நாடி விரலுக்கடியில் சலசலவென்று ஓடுவதையும் உணரும் பழைய கைப்பழக்கமே சிறந்தது. ஸ்கேன் வந்ததால் கை தேவையற்றுப் போகவில்லை.

“சினையில்லை” என்ற விடையின் பெறுமதி

எல்லோரும் “சினை” என்ற சொல்லைக் கேட்கத்தான் ஆவலோடு நிற்கிறார்கள். ஆனால் கணக்குப் பார்த்தால், முன்கூட்டிக் கிடைக்கும் “சினையில்லை” என்ற விடையே கூடுதலான பணத்தை மிச்சப்படுத்துகிறது. சினைப்பட்ட மாடு அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஏறத்தாழ 283 நாளில் கன்று ஈனப் போகிறது. சினைப்படாத மாட்டுக்கோ, தெரியாமல் போகும் ஒவ்வொரு நாளும் நட்டம்.

ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், 365 நாளில் 283 நாள் சினைக்குப் போக, மிஞ்சுவது 82 நாள். அதற்குள் மாடு மீண்டும் சினைப்பட்டாக வேண்டும். கன்று ஈன்று 60ஆம் நாள் சினை ஊசி (செயற்கைமுறைச் சினைப்படுத்தல்) போட்ட மாடு ஒன்று சினைப்படவில்லை என்று கொள்வோம். 75 நாள் கழித்துக் கையால் பார்த்து இல்லை என்று அறிந்தால், ஈன்று 135 நாள் கடந்துவிட்டது. 30ஆம் நாளில் ஸ்கேன் செய்தால் 90ஆம் நாளிலேயே தெரிந்துவிடுகிறது; அடுத்த வேட்கை எந்தக் கிழமையில் வரும் என்று கணித்து, அந்த நாட்களில் காலையும் மாலையும் கவனமாகப் பார்த்து மறுபடி ஊசி போடலாம். இடைப்பட்ட 45 நாள் என்பது இரண்டு வேட்கைச் சுற்றுக்கும் கூடுதலான காலம்.

இந்த விடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அங்கேதான் அவசரம் ஆபத்தாகிறது. சூல் வெளியேறிய இடத்தில் சூலகத்தில் உருவாகும் சிறு கட்டிக்கு மஞ்சட்சடலம் என்று பெயர். சினையைத் தாங்கும் ஓமோனைச் சுரப்பது அதுவே. சினைப்படாத மாட்டை விரைவில் வேட்கைக்குக் கொண்டுவர புரொஸ்டாகிளாண்டின் ஊசி போடுவார்கள். அது மஞ்சட்சடலத்தைக் கரைத்துவிடும். மாடு உண்மையில் சினையாக இருந்து, 24ஆம் நாளில் அவசரமாகப் பார்த்து இல்லை என்று சொல்லி அந்த ஊசியைப் போட்டால், இருந்த கன்றும் போய்விடும். “சினை” என்று தவறாகச் சொன்னால் சில கிழமைகள் வீணாகும். “இல்லை” என்று தவறாகச் சொல்லி ஊசியும் போட்டால் ஓர் ஆண்டின் கன்று போகும். ஐயம் இருந்தால் பத்து நாள் பொறுத்து மறுபடி பார்ப்போம் என்று சொல்லும் வைத்தியரைத் திறமையற்றவர் என்று எண்ணக் கூடாது. அவர்தான் நம்பத்தக்கவர்.

“ஸ்கேன் பிழைத்தது”

இனி அந்த மூன்றாவது கூற்று. 30ஆம் நாளில் சினை என்று கண்ட மாடு 60ஆம் நாளில் வெறுமையாக இருந்தால், முதலில் பார்த்தது பிழை என்றே எவரும் நினைப்பார். ஆனால் சினைப்படும் முளையங்கள் எல்லாம் நிலைப்பதில்லை. ஆரம்ப வாரங்களில் ஒரு பகுதி அழிந்துபோவது நல்ல பண்ணைகளிலும் நடக்கிறது. கடும் வெப்பம், தீன் குறைவு, கருப்பை நோய் எனக் காரணங்கள் பல. முளையம் சிறிதாக இருப்பதால் அது உடலுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடலாம், வெளியே எதுவும் தென்படாது. கையால் 75ஆம் நாளில் பார்த்த காலத்தில் இந்த இழப்பு எவர் கண்ணிலும் படவில்லை. மாடு முதலிலிருந்தே சினைப்படவில்லை என்று எழுதிக்கொண்டோம். ஸ்கேன் பழைய இழப்பைக் கண்ணுக்குக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 30ஆம் நாளில் “சினை” என்று வந்த மாட்டை 60ஆம் நாளளவில் இன்னொரு தடவை பார்ப்பது அவசியம்.

ஸ்கேன் இன்றைய நிலையைச் சொல்கிறது. நாளைக்கு உறுதி கொடுப்பதில்லை. தொற்றுநோயைக் கண்டுபிடிப்பதும் அதன் வேலையன்று. ஐந்து மாதத்துக்குப் பின் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கன்று வீசினால் (நாள் நிறையுமுன் கரு வெளியேறினால்), புரூசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய் இருக்கிறதா என்று இரத்தம் பரிசோதிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும் நோய் என்பதால், வீசிய கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

எருமையும் ஆடும்

மட்டக்களப்புத் தயிரின் பேர் எருமையால் வந்தது. எருமைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள். பார்க்கும் முறை பசுவைப் போன்றதே. ஆனால் எருமையில் வேட்கை அறிகுறிகள் மிக மங்கலானவை. பெரும்பாலும் கத்தாது, பிற மாட்டின் மேல் ஏறாது, பகலில் நீரில் கிடந்துவிட்டு இரவில் வேட்கை காட்டிவிட்டுப் போய்விடும். வேட்கை திரும்பவில்லை, ஆகவே சினை என்ற கணக்கு பசுவைவிட எருமையில் அதிகம் பொய்க்கும். ஸ்கேனின் பயன் இங்கேதான் பெரிது.

ஆட்டுக்குக் கையை உள்ளே விட வழியில்லை. பின்தொடைக்கும் மடிக்கும் இடையே வலப்பக்கத்தில் மயிரில்லாத தோலில் ஜெல் பூசி, வெளியிலிருந்தே பார்க்கிறார்கள். ஒலி கூடுதல் ஆழம் போக வேண்டியிருப்பதால் செக்கனுக்கு 35 முதல் 50 இலட்சம் அதிர்வுள்ள புரோப் பொருந்தும். சினைக்காலம் 150 நாள். 45 முதல் 90 நாளுக்குள் பார்த்தால் வயிற்றில் ஒன்றா, இரண்டா என்றும் எண்ணலாம். இரட்டைக்குட்டி சுமக்கும் ஆட்டுக்குக் கடைசி ஆறு கிழமையில் தீன் கூட்டிக் கொடுப்பதற்கு அந்த எண்ணிக்கை உதவும். பொய்ச்சினையும் ஆட்டில் உண்டு. கருப்பை நீரால் நிறைந்து வயிறு பெருக்கும், குட்டி இருக்காது. ஒருநாள் நீர் மட்டும் கொட்டிவிடும். கையால் வயிற்றைத் தூக்கிப் பார்த்து ஏமாறக்கூடிய இந்நிலையை, குட்டியுமில்லாத முடிச்சுமில்லாத வெறும் கறுப்பாக ஸ்கேன் காட்டிக் கொடுத்துவிடும்.

பட்டியில் வைத்துப் பார்க்கும்போது

வெயிலில் அந்தச் சிறு திரை கண்ணாடிபோல மின்னும், எதுவும் தெரியாது. ஆகவே மரநிழலோ கொட்டிலோ வேண்டும். மாடு அசையாமல் நிற்க, கம்பு நட்டு அடித்த ஒடுங்கிய அடைப்பு வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் கையுறையை மாற்றவோ கழுவித் துடைக்கவோ தண்ணீர் வேண்டும். ஊசி போட்ட நாள் எழுதிய கொப்பி இருந்தால் வைத்தியரின் வேலை பாதியாகும்.

வாகரை, மயிலத்தமடு, மாதவனை, வட்டமடுப் பக்கங்களில் மேயும் பட்டி மாடுகளோடு நாம்பனும் கூடவே திரிவதால், எந்த நாளில் சினைப்பட்டது என்று எவருக்கும் தெரியாது. அங்கே ஸ்கேன் வேறொரு வகையில் உதவுகிறது. கன்றின் அளவைக் கொண்டு நாளைக் கணிக்கலாம். 60 நாளில் சுண்டெலி அளவு, 90 நாளில் வீட்டு எலி அளவு என்பது கால்நடை வைத்தியரின் பழைய கணக்கு. பெரும்போக அறுவடை முடிந்து மாடுகள் தாள் மேய வயலுக்குத் திரும்பி ஒரே இடத்தில் நிற்கும் காலம் இதற்கு வசதியானது. ஏப்ரல் நடுப்பகுதியில் ஒரு மாட்டைப் பார்த்து, கன்று சுண்டெலி அளவில் இருந்தால், இன்னும் 223 நாள் உண்டு; கார்த்திகை மழை கொட்டும் நவம்பர் கடைசியில் அது ஈனும். அந்த நேரத்தில் வயல்கள் விதைக்கப்பட்டு, பட்டி காட்டுக்குள் போயிருக்கும், பாதைகளில் வெள்ளம் நிற்கும். அந்த மாட்டின் கழுத்தில் இப்போதே ஒரு நிறக்கயிற்றைக் கட்டிவைத்தால், ஐப்பசியில் பட்டியைக் காட்டுக்கு ஓட்டும்போது அதை மட்டும் பிரித்து வீட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.